இருதயத்தின் சுமையைக் குறைக்கும் மருந்துகள்



'இரத்தக் கொதிப்பு' என்னும் சொல்லை நீங்கள் வீட்டில் பலமுறை கேட்டிருப்பீர்கள். பாட்டனாருக்குக் கொதிப்பு, அத்தைக்குக் கொதிப்பு, அடுத்த வீட்டுக்காரருக்குக் கொதிப்பு என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். உண்மையில் எவருடைய இரத்தமும் கொதிப்பதில்லை. இரத்தக் குழாய்களின் சுவர்மீது இரத்தம் அளவுக்கு மீறி அழுத்துகிறது, அவ்வளவே. ஆயினும் கொதிப்பு என்ற பெயர் நம்மை ஏமாற்றிவிடுகிறது. கோபம் வர வேண்டும், தலை சுற்ற வேண்டும், முகம் சிவக்க வேண்டும், அப்போதுதான் இந்நோய் இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் நோயும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

34 ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொன்ன நானும் இந்தத் தவற்றைச் செய்தவனே. அதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு மருந்துகளைப் பற்றிப் பேசுவதுதான் முறை.

என் தமையனார் பொள்ளாச்சிக்கு அருகே தென்னந்தோப்பு வைத்து நடத்துபவர். ஒருநாள் ஊரில் நடந்த மருத்துவ முகாமில் அவருடைய இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். 170-க்கு 100 இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் தவறாமல் உண்டார். மீண்டும் அளந்தபோது 130-க்கு 80 ஆகியிருந்தது. அன்று மாலை அவர் என்னிடம், "அளவு சரியாகிவிட்டது என்கிறார்கள். இன்னும் இந்த மாத்திரை எதற்குத் தம்பி?" என்று கேட்டார். நான் சற்றும் யோசியாமல், "இனி எதுக்குங்கண்ணா? உடம்பை வீணாக மாத்திரைக்குப் பழக்க வேண்டாம்" என்றேன். தலைமையாசிரியர் சொன்ன சொல் அல்லவா! அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

அழுத்தம் என்பது யாது என்று முதலில் பார்ப்போம். கிணற்றில் பம்பு செட்டு ஓடுகிறது; குழாய் வழியே நீர் தோப்புக்குப் பாய்கிறது. குழாயினுள் அழுத்தம் மிகுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பம்பு மிகுந்த வேகத்தில் தள்ளலாம், குழாய் குறுகியிருக்கலாம், குழாயில் ஓடும் நீரின் அளவு கூடியிருக்கலாம். நம் உடலிலும் இவ்வாறே. இருதயம் என்னும் பம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 முறை துடித்து, நிமிடந்தோறும் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. ஒருநாளைக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒரு இலட்சம் துடிப்பு. அது சுருங்கித் தள்ளும்போது உண்டாகும் அழுத்தம் மேல் எண். விரிந்து ஓய்வு கொள்ளும்போது எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். 120-க்கு 80 என்பது நல்ல அளவு. அமைதியாக அமர்ந்த நிலையில், வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால் அதனை உயர் இரத்த அழுத்தம் என்கிறோம்.

இவ்வளவை நாம் அறிந்ததே மிக அண்மையில்தான். 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரீவா-ரோச்சி கையில் காற்றுப் பட்டையைச் சுற்றி அழுத்தத்தை அளக்கும் முறையைக் கண்டார். 1905-இல் ருஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே காதுக்குழாயை வைத்து ஒலியைக் கேட்டு இரண்டு எண்களையும் அறியும் வழியைக் கண்டார். அளக்கும் கருவி வந்த பிறகே, வலியோ காய்ச்சலோ இன்றி உள்ளே வளரும் இந்நோயை உலகம் கண்டுகொண்டது. இன்றும் அளந்தாலன்றி இது தெரியாது. 30 முதல் 79 வயதுக்குட்பட்டோரில் உலகெங்கும் 128 கோடி பேருக்கு இந்நோய் உண்டென்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள்.

இனி மருந்துகளுக்கு வருவோம். இந்த வரலாற்றின் தொடக்கத்தில் நம் நாட்டுச் செடி ஒன்று நிற்பதைக் கேட்டு நீங்கள் மகிழ்வீர்கள். அதன் பெயர் சர்ப்பகந்தி. அதன் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக மனநோய்க்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்துவந்தனர். 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்காள மருத்துவர் இருவர், அவ்வேர் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதாக எழுதினர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ரஸ்தம் ஜால் வக்கீல், தம் நோயாளிகளுக்கு அம்மருந்தை முறைப்படி கொடுத்து, அழுத்தத்தை அளந்து குறித்து, இங்கிலாந்தின் இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகின் கவனம் சர்ப்பகந்தியின்பால் திரும்பியது. 1952-இல் ஸ்விட்சர்லாந்து நாட்டு பேசல் நகரில் அவ்வேரின் சாரத்தைப் பிரித்தெடுத்து அதற்கு ரெசர்பின் என்று பெயரிட்டனர். 1957-இல் டாக்டர் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

ரெசர்பின் செய்வது என்ன? நரம்பு முனைகளில் சேர்த்துவைக்கப்பட்டிருக்கும் ஒருவகை இரசாயனத் தூதுப்பொருளை அது வெறுமையாக்கிவிடுகிறது. குழாய்களைச் சுருங்கச் செய்யும் கட்டளை தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. ஆனால் அத்தூதுப்பொருள் மூளைக்கும் வேண்டியது. ஆதலின் அளவு மிகுந்தபோது சிலருக்கு மனச்சோர்வு உண்டாயிற்று. மூக்கடைப்பும் நாடித் தளர்ச்சியும் கண்டன. அதனினும் நல்ல மருந்துகள் வந்ததும் அது பின்னுக்குச் சென்றது. இன்று அதனை அரிதாகவே தருகிறார்கள்.

எனினும் அது விலகுவதற்கு முன் ஓர் அரும்பணி செய்தது. அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்குமா என்பதே அந்நாளில் மருத்துவர்களிடையே வழக்காக இருந்தது. 'முதுமையில் அழுத்தம் ஏறுவது இயற்கை. அதைக் குறைத்தால் தீங்கு' என்று வாதிட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் எட்வர்டு ஃப்ரைஸ் என்னும் மருத்துவரின் தலைமையில், கடுமையான அழுத்தமுடைய முன்னாள் படைவீரர் 143 பேரை இரு பிரிவாக்கினர். 73 பேருக்கு ரெசர்பினும் வேறு இரு மருந்துகளும் தந்தனர். 70 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை தந்தனர். 1967-இல் முடிவு வெளியாயிற்று. வெறும் மாத்திரை உண்டவர்களுள் 27 பேருக்குப் பக்கவாதம், இருதயத் தளர்ச்சி போன்ற கொடிய கேடுகள் நேர்ந்தன. மருந்துண்டவர்களுள் அவ்வாறு நேர்ந்தது இருவருக்கே. வழக்கு தீர்ந்தது. நம் காட்டுச் செடியின் சாரமும் அத்தீர்ப்புக்குச் சாட்சி சொன்னது.

இன்று வழங்கும் மருந்துகளை, நான் முன்னே சொன்ன பம்பையும் குழாயையும் நினைவில் வைத்தால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். முதல்வகை, குழாயில் ஓடும் நீரின் அளவைக் குறைப்பது. தயசைடு என்னும் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள் 1958 முதல் வழக்கத்துக்கு வந்தன. இவை சிறுநீரகத்தின் வழியே உப்பை வெளியேற்றுகின்றன. உப்பு செல்லுமிடத்துக்கு நீரும் உடன் செல்கிறது. இரண்டாம் வகை, குழாயை அகலச் செய்வது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரிதும் வழங்கப்பெறும் அம்லோடிபின் இவ்வகையது. குழாய்ச் சுவரிலுள்ள தசை சுருங்குவதற்குச் சுண்ணாம்புச் சத்து உள்ளே புக வேண்டும். இம்மருந்து அந்த வாயிலை ஓரளவு அடைத்துவிடுகிறது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. மூன்றாம் வகை, பம்பின் வேகத்தைத் தணிப்பது. அச்சத்திலும் பரபரப்பிலும் இருதயத்தை விரட்டும் அட்ரினலின் போன்ற பொருள்கள் இருதயத்தைத் தொடும் இடங்களை இவை மறைத்துக்கொள்கின்றன. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பிளாக் கண்ட ப்ரோப்ரனலால் இவற்றுள் முன்னோடி. அது 1964-இல் வெளிவந்தது. அவருக்கு 1988-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இவற்றை 'பீட்டா தடுப்பிகள்' என்பர்.

நான்காம் வகையின் கதை விந்தையானது. பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்னும் கொடிய விரியன் பாம்பு உண்டு. அது தீண்டினால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்துவிடும். அந்நஞ்சை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரேரா என்னும் பிரேசில் விஞ்ஞானி 1965-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். நம் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் தொடர்விளைவாக ஆஞ்சியோடென்சின் என்னும் பொருள் உருவாகிக் குழாய்களை இறுக்குகிறது. உப்பைப் பிடித்துவைக்கவும் கட்டளையிடுகிறது. பாம்பின் நஞ்சிலிருந்த ஒரு பொருள் இந்தத் தொடரின் நடுக்கண்ணியை அறுத்துவிடுவது தெரிந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெட்டி என்னும் இருவர் 1975-இல் கேப்டோபிரில் என்னும் மருந்தை அமைத்தனர். எனாலாபிரில் அதன் இளவல். இவற்றால் சிலருக்கு வறட்டு இருமல் வருவதுண்டு. அவர்களுக்கு, 1995-இல் வந்த லோசார்டான் போன்றவை உதவுகின்றன. கருவுற்ற தாய்மார்களுக்கு மட்டும் இவ்விரண்டும் ஆகா.

இனி என் தமையனாரிடம் திரும்புவோம். மாத்திரையை நிறுத்திய பின் நான்கு ஆண்டுகள் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாள்தோறும் தோப்பைச் சுற்றிவந்தார். முழங்கால் வலிக்குக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்கிவந்தார். வலிபோக்கும் மாத்திரைகளுள் பல, உப்பை உடலில் தேக்கி அழுத்தத்தை ஏற்றுவன என்பதை அவரும் அறியார், நானும் அறியேன். ஒருநாள் நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தார். படுத்தால் திணறல், உட்கார்ந்தால் சற்றுத் தேவலை. கணுக்கால்கள் வீங்கியிருந்தன, விரலால் அழுத்தினால் குழி விழுந்து நின்றது. விடிவதற்குள் கோவைக்குக் கொண்டுவந்தோம். எக்கோ என்னும் ஒலியலைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இடது அறையிலுள்ள இரத்தத்தில் நூற்றுக்கு 60 பங்கு அளவில் தள்ள வேண்டிய இருதயம், 30 பங்கையே தள்ளிக்கொண்டிருந்தது. இதுதான் இருதயத் தளர்ச்சி. இருதயம் நின்றுவிட்டது என்பது இதன் பொருளன்று. ஆண்டுக்கணக்கில் மிகையான அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அது சோர்ந்துவிட்டது.

டாக்டர் இதை விளக்கியபோது எனக்கு எங்கள் பழைய கவலைக் கிணறு நினைவுக்கு வந்தது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் எருதுகளைப் பூட்டிக் கவலை ஓட்டியே நீர் இறைப்பார்கள். கோடைக்காலத்தில் கிணறு ஆழத்துக்குச் சென்றுவிடும். எருது களைத்து நிற்கும்போது பணியாள் சாட்டையை ஓங்குவார். என் தந்தையார் அவரைத் தடுத்து, "அடித்தால் இன்று இழுக்கும், நாளைக்குப் படுத்துவிடும். சாலைச் சிறிதாக மாட்டு" என்பார். இருதயத் தளர்ச்சி வைத்தியத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

சாட்டையின் கதையை முதலில் கேளுங்கள். 1785-இல் வில்லியம் வித்தரிங் என்னும் ஆங்கில மருத்துவர், கிராமத்து மூதாட்டி ஒருத்தியின் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் கலந்த மருந்தை ஆராய்ந்து, அதில் வேலை செய்வது டிஜிடாலிஸ் என்னும் ஒரே செடிதான் என்று தாம் கண்டதை வெளியிட்டார். அதன் இலை தளர்ந்த இருதயத்தை வலுவாகச் சுருங்கச் செய்து வீக்கத்தை வடித்தது. அவ்வினச் செடியிலிருந்து பிரித்தெடுத்த டிகாக்சின் இன்றும் சிலருக்குத் தரப்படுகிறது. ஆனால் அதன் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடையே உள்ள வெளி மிகக் குறுகியது. நம் வேலியோரத்து மஞ்சள் அரளியில் இருப்பதும் இதே இனத்தைச் சேர்ந்த கொடிய நஞ்சுதான். செடியிலிருந்து வந்ததெல்லாம் தீங்கற்றது என்று எண்ணிவிடாதீர்கள். பின்னர், இருதயத்தை இன்னும் வலுவாக விரட்டும் புதிய மருந்துகளைச் செய்து பார்த்தனர். அவற்றுள் ஒன்றாகிய மில்ரினோனை வாய்வழியே நாள்தோறும் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியின் முடிவு 1991-இல் வந்தது. மருந்துண்டவர்களிடையே இறப்பு 28 விழுக்காடு மிகுந்திருந்தது! அடித்தால் நாளைக்குப் படுத்துவிடும் என்று என் தந்தையார் சொன்னது மெய்யாயிற்று.

சுமையைக் குறைக்கும் வழியோ வேறு முடிவைத் தந்தது. இருதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைவாக வருகிறது. கடைமடை உழவர் வாய்க்காலில் நீர் குறைந்ததும் பஞ்சம் வந்ததென்று அஞ்சி வடிகாலை அடைப்பதுபோல, சிறுநீரகமும் உடலில் நீர் வற்றிவிட்டதென்று தவறாகக் கருதி உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது; குழாய்களை இறுக்கவும் சொல்கிறது. பழுது பம்பில் இருக்க, வயல் வெள்ளக்காடாகிறது. கால் வீங்குகிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது. பாம்பு நஞ்சு கற்பித்த எனாலாபிரில் இந்தத் தவறான கட்டளையைத் தடுக்கிறது. மிகக் கடுமையான தளர்ச்சியுடைய 253 பேரிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் அதை ஆராய்ந்தனர். 1987-இல் வந்த முடிவின்படி, வெறும் மாத்திரை உண்டவர்களுள் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 44 பேர் இறந்தனர். எனாலாபிரில் உண்டவர்களுள் 26 பேர் இறந்தனர்.

வேகத்தைத் தணிக்கும் பீட்டா தடுப்பிகளைத் தளர்ந்த இருதயத்துக்குக் கொடுப்பது பெருந்தவறு என்றே நெடுநாள் கற்பித்தனர். 1975-இல் ஸ்வீடன் மருத்துவர் சிலர் ஏழு நோயாளிகளுக்கு மட்டும் கொடுத்து நற்பயன் கண்டு எழுதியபோது பலர் நம்பவில்லை. 1999-இல் வெளிவந்த இரு பெரிய ஆராய்ச்சிகளில் இம்மருந்துகள் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தமை உறுதியாயிற்று. விரட்டுவதை நிறுத்தியதும் எருது மெல்ல மெல்லத் தேறிவிட்டது! அதே ஆண்டில், உப்பைப் பிடித்துவைக்கும் மற்றொரு கட்டளையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் கடுந்தளர்ச்சியில் இறப்பை 30 விழுக்காடு குறைப்பது தெரிந்தது. 2019-இல், நீரிழிவுக்கென்று செய்யப்பட்ட டாபாகிளிஃப்ளோசின் நீரிழிவு இல்லாதவர்களின் தளர்ந்த இருதயத்தையும் காப்பது கண்டறியப்பட்டது.

என் தமையனார் இன்று இந்த நான்கு இன மருந்துகளையும் உண்கிறார். தேங்கிய நீரை வடிப்பதற்கு ஃபியூரோசமைடு மாத்திரையும் உண்டு. சிறு அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். நாள்தோறும் காலையில் எடை பார்க்கிறார். சில நாட்களுக்குள் இரண்டு கிலோ ஏறினால் நீர் தேங்குகிறதென்று அறிந்து டாக்டரிடம் செல்கிறார். ஊறுகாயும் அப்பளமும் இலையிலிருந்து அகன்றன. இவற்றுக்கெல்லாம் வருந்தாதவர் ஒன்றுக்குத்தான் வருந்தினார். எனாலாபிரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் சேரும்போது இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்துவிடலாம். இளநீரிலோ பொட்டாசியம் நிறைய உண்டு. ஆகவே இரத்தச் சோதனை பார்த்துச் சொல்லும்வரை இளநீர் வேண்டா என்றார் டாக்டர். பொள்ளாச்சித் தோப்புக்காரருக்கு இதைவிடக் கடுமையான பத்தியம் உண்டோ! ஓராண்டு கழிந்து எக்கோ எடுத்தபோது 30 பங்கு 42 ஆகியிருந்தது. இப்போது தோப்பைச் சுற்றி வருகிறார்; நடுவில் ஒருமுறை வரப்பில் அமர்ந்து இளைப்பாறிக்கொள்கிறார்.

நான் மன்னிப்புக் கேட்கச் சென்றபோது அவர், "நீ என்ன டாக்டரா தம்பி? உன்னைக் கேட்டது என் தப்பு" என்று சிரித்தார். அவர் சிரித்துவிட்டார், எனக்குச் சிரிக்க இயலவில்லை. அன்று நான் அறியாமற்போனது ஒன்றே ஒன்றுதான். 130-க்கு 80 என்பது நோய் நீங்கியதன் அடையாளமன்று. மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளம். வெள்ளத்தைத் தடுத்து நிற்கும் கரையைப் பார்த்து, வெள்ளந்தான் வரவில்லையே, கரை எதற்கு என்று கேட்பாருண்டோ? நான் கேட்டேன்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிலும் ஒருநாள் இக்கேள்வி எழும். படித்த பிள்ளை என்று உங்களிடமே கேட்பார்கள். அப்போது விடை சொல்ல முந்தாதீர்கள். மருந்தை நிறுத்துவதும் குறைப்பதும் மாற்றுவதும் டாக்டரின் வேலை என்று சொல்லுங்கள். தலை சுற்றலோ இருமலோ இருந்தால் அதையும் அவரிடமே சொல்லச் செய்யுங்கள். வேறு மருந்து உண்டு. உப்பு ஒருவருக்கு ஒருநாளைக்கு 5 கிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பதை அடுக்களையில் நினைவூட்டுங்கள். நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, இம்மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வாயிலுக்கு வந்த மாத்திரை பெட்டிக்குள் உறங்காமல் பார்த்துக்கொள்வது உங்களால் ஆகும் காரியம்.

இன்று வீட்டுக்குச் சென்றதும் பெரியவர்களிடம், "கடைசியாக எப்போது அழுத்தம் அளந்தீர்கள்?" என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியவில்லையென்றால், அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். அளப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.